திங்கள், புதன், வெள்ளி

மலேசியாவில், சுங்கை சிப்புட் பாசாரில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மா, போன மாதம் ஒரு கட்டு கூடுதலாகப் போட்டார். காசு வேண்டாம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கேள்விப்பட்டேன்மா. ஸ்கூல்லயே பழக்கமாமே? பழைய ஆளுன்னா பரவால்ல” என்றார்.

கீரை நன்றாகத்தான் இருந்தது. அந்தப் ‘பரவால்ல’தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

எனக்கு வயது 51. விவாகரத்து ஆனவள். அவருக்கும் 51, மனைவியை இழந்தவர். இருவரும் 1992-இல் இதே ஊர் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தோம். அப்போது எங்களுக்குள் ஒன்று இருந்தது உண்மை. இப்போது ஒன்று இருப்பதும் உண்மை. ஊர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, முப்பது வருஷம் காத்திருந்து கைகூடிய காதல் என்று கதை கட்டிவிட்டது. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் அண்ணிகூட, “அவங்கவங்களுக்கு எழுதி வெச்சது அவங்கவங்களுக்குத்தான்” என்று சமாதானமாகிவிட்டார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்று நான் சொன்னால் கேட்க ஆளில்லை.

சரி, இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம் லாசா சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. மூன்று டிவிஷன். நாங்கள் ஆபீஸ் டிவிஷன், அவர்கள் மூன்றாம் டிவிஷன். அம்மாவும் அப்பாவும் பால்மரம் வெட்டினார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், நான் எழும்போது வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். அடுப்படியில் மூடி வைத்த சோறும், வாசலில் இருட்டும்தான் இருக்கும். இப்போது அந்தத் தோட்டத்தில் ரப்பர் ஒரு மரம்கூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. திருவிழாவுக்கு வருஷம் ஒரு முறை ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கெங்கோ போனவர்களின் கார்கள் மண்பாதையில் வரிசையாக வந்து நிற்கும். கூழ் குடித்துவிட்டு, “நம்ம வீடு இந்த இடம்தான்” என்று ஒரு செம்பனை மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

ஸ்கூல் பழக்கம் என்று ஊர் சொல்கிறதே, அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் நாங்கள் தனியாகப் பேசிய நேரத்தை எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் தேறாது. பள்ளிப் பேருந்தில் அவர் பின்னால், நான் முன்னால். இரவல் பாடநூல்களுக்கு அட்டை போடுவோம் அல்லவா, அந்த அட்டைக்குள் கடிதம் வரும், போகும். சரித்திரப் புத்தகத்தை ஒருவரிடம் ஒருவர் அத்தனை முறை கடன் வாங்கியும் சரித்திரத்தில் இருவருக்கும் மதிப்பெண் சுமார்தான்.

இன்னொன்று வானொலி. தமிழ் வானொலியில் பாட்டுக் கேட்டு அஞ்சலட்டை போடும் காலம். ஒருமுறை அவர் போட்ட அட்டையில் எங்கள் தோட்டத்தில் 11 பேருடைய பெயரை வரிசையாக எழுதி, அதன் நடுவில் ஏழாவதாக என் பெயரைச் செருகியிருந்தார். அறிவிப்பாளர் மூச்சு விடாமல் வாசித்தார். என் அம்மா பெயரும் அதில் இருந்தது. “யாரு இந்தப் புண்ணியவான், நம்மள எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கான்” என்று அம்மா அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தார். அவ்வளவுதான் எங்கள் காதல். பதினோரு பேருக்கு நடுவே ஒரு பெயர்.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வில் அவருக்கு மலாய்மொழி போய்விட்டது. அந்தக் காலத்தில் மலாய் போனால் சான்றிதழே கிடையாது. மற்ற பாடங்களில் என்ன வாங்கியிருந்தாலும் அது காகிதம்தான். முடிவு வரும் முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். அங்கிருந்து 1993-இல் எனக்கு ஒரு கடிதம் போட்டார்.

தோட்டத்தில் கடிதம் என்றால் வீட்டுக்கு வராது. ஆபீசுக்கு வரும். ஆபீஸ் எழுத்தரான கிராணி ஐயா கையைத் தாண்டித்தான் நமக்கு வரும். அந்த வாரம் சம்பளம் வாங்கப் போன அப்பாவிடம் அதைக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. “நீங்களே படிச்சுச் சொல்லுங்கய்யா” என்று அங்கேயே திருப்பி நீட்டியிருக்கிறார். கிராணி ஐயா பிரித்தார், வாசித்தார். பள்ளித் தோழி ஒருத்தி எழுதியிருக்கிறாளாம். சிங்கப்பூரில் தொழிற்சாலையில் பெண்களுக்கு வேலை இருக்கிறதாம். வீட்டில் எல்லாரையும் விசாரித்திருக்கிறாளாம். அப்பா வீட்டுக்கு வந்து கடிதத்தை என் மடியில் போட்டுவிட்டு, “சிங்கப்பூரெல்லாம் வேணாம், இங்கயே வேலை பாரு” என்று குளிக்கப் போனார்.

நான் பிரித்தேன். இரண்டு பக்கம். அதில் தோழியும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை.

ஒரு பார்வையில் இரண்டு பக்கத்தையும் படித்து, அதே மூச்சில் வேறு ஒரு கடிதத்தை வாய்க்குள்ளேயே எழுதி வாசித்த அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பாக இருக்கிறது. மறுநாள் அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு, “ஐயா ஒரு தடவ வாசிச்சிட்டாரு. இன்னொரு தடவ முடியாதுன்னு சொல்லச் சொன்னாரு” என்றார். திட்டவில்லை. கையில் ஒரு முறுக்கு வேறு கொடுத்தார்.

அன்றிரவு நான் நாலு வரி எழுதினேன். இனிமேல் எழுத வேண்டாம் என்று. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. பயம், அவ்வளவுதான். ஊர் கட்டிய கதைக்கு வில்லன் ஒருவர் தேவைப்பட்டதால் என் அப்பாவைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பாவம், அந்த மனிதருக்குச் சாகும்வரை இந்த விஷயமே தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான் கிள்ளானுக்கு வேலைக்குப் போனேன், 1999-இல் திருமணம், ஒரு மகன், பிறகு கூட்டு மனுப் போட்டு விவாகரத்து. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதும் அளவுக்கு அதில் கதையும் இல்லை. அவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பி, லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு பள்ளி வேன் வாங்கி, திருமணம் செய்து, ஒரு மகளைப் பெற்று, 2016-இல் மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். இந்த வருஷங்களில் நான் அவரை நினைத்தேனா என்று என் தோழி கேட்டாள். நினைத்திருக்கிறேன். பழைய பேருந்து எண்ணை நினைப்பதுபோல.

அம்மாவுக்குச் சிறுநீரகம் போனபோதுதான் நான் ஊர் திரும்பினேன். எங்கள் ஆட்களில் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். அது கடைசியில் கொண்டுபோய் விடுவது இந்த நாற்காலியில்தான். ரத்தச் சுத்திகரிப்பு வாரம் மூன்று தடவை. எங்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி, காலை முதல் அணி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கையில் இரண்டு ஊசி. உள்ளே போகும் முன் எடை பார்ப்பார்கள். இரண்டு நாளில் உடம்பில் சேர்ந்த தண்ணீர் எவ்வளவு என்று அதை வைத்துத்தான் கணக்கு. குடித்ததை மறைத்தாலும் தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது வாரம் காத்திருக்கும் அறையில் வழுக்கை விழுந்த ஒருவர், தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி அவருடைய அப்பாவின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு யாரென்று தெரியவில்லை. நெஞ்சு படபடக்கவுமில்லை. அம்மாதான் சக்கர நாற்காலியில் இருந்தபடி, “ஏம்பா, நீ மூணாம் டிவிஷன் மண்டோரு மவன் இல்ல?” என்று கேட்டார். மண்டோர் என்றால் தோட்டத்துக் கங்காணி. அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “பசியாறியாச்சா?” என்றார்.

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘பசியாறினியா’ என்றும் இல்லை, ‘பசியாறினீங்களா’ என்றும் இல்லை. பசியாறியாச்சா. யாரைக் கேட்கிறார் என்பதே வாக்கியத்தில் இல்லை. பதினெட்டு வயதில் கடிதத்தில் ‘நீ’ என்று எழுதியவரை ஐம்பதை நெருங்கும்போது எப்படிக் கூப்பிடுவது? ‘நீங்க’ என்றால் எதையோ மூடி மறைப்பது போலிருந்தது. ‘நீ’ என்றால் எதையோ திறப்பது போலிருந்தது. நல்லவேளை, தமிழில் இதற்கு ஒரு சந்து இருக்கிறது. ‘கிளம்பியாச்சா’, ‘இன்னிக்கு வேன் இல்லையா’, ‘அம்மாவுக்குத் தூக்கம் எப்படி’, ‘மழைக்கு முன்னாடி போயிடலாமே’. நாங்கள் ஏழு மாதம் இந்தச் சந்திலேயே நடந்தோம். முன்னிலையே இல்லாமல் இரண்டு பேர் ஏழு மாதம் பேச முடியும் என்று இலக்கண ஆசிரியர் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நாலு மணி நேரம் என்பது பெரிய நேரம். வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பாதி வழியிலேயே போய்விடும். அம்மாவுக்கு இடையில் ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் தூரம் போக எனக்குப் பயம். அவருடைய அப்பாவுக்கோ மகன் கண்ணில் படாவிட்டால் கோபம். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்துவிடுவார். உள்ளே பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பெரியவர்கள் இருவரும் ஒரே ராகம்: வாழைப்பழம் வேணாமாம், இளநீர் வேணாமாம், அப்புறம் எதுக்கு உசுரு. வெளியே நாங்கள் இருவரும். முதல் மாதம் முழுக்க மருந்து, பெர்கேசோ என்னும் தொழிலாளர் காப்புறுதி, எந்தக் கடையில் உப்புக் குறைவு. வேறு எதுவும் பேசவில்லை.

பிறகு அவர் மனைவியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான். பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தவராம். பிள்ளைகள் வரைந்த படங்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் அரிசி டின்னில் சுருட்டி வைப்பாராம். கடைசி மாதங்களில் வலி தெரியாமல் இருக்க, இருவரும் தாங்கள் சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளை வரிசைப்படுத்துவார்களாம். முதலிடம் தாப்பாவில் ஏதோ ஒட்டுக்கடையில் மழைக்கு ஒதுங்கிச் சாப்பிட்ட மீ கோரெங். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அந்த மழை இப்போதுதான் விட்டதுபோல வெளியே பார்த்தார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நாளில். தேதிகூடத் தெரியும். இறந்துபோன ஒருத்தியைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசத் தெரிந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அட்டைக்குள் கடிதம் வைத்த பையனுக்கு இது தெரியாது. தெரிந்திருக்கவும் முடியாது. அந்தப் பையனுக்கும் இந்த ஆளுக்கும் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

‘நீ’ வந்தது ஒரு மழை நாளில். சுத்திகரிப்பு மையத்தின் வாசல் படி வழுக்கும். நான் அம்மாவின் பையோடு இறங்கும்போது பின்னாலிருந்து, “ஏய், பார்த்து வா!” என்று ஒரு குரல். இருவரும் அப்படியே நின்றுவிட்டோம். அப்புறம் யாரும் அதைத் திருத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தாதியிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, கோலகங்சாருக்குப் போனோம். பக்கம்தான். 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரே மரம் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் இருவருமே பார்த்ததில்லை. அவர் மரத்தைச் சுற்றி வந்து, பட்டையில் வெட்டு எங்கே தொடங்கியிருப்பார்கள் என்று தேடினார். மண்டோர் மகன் புத்தி. “இது ஒழுங்கா செத்திருந்தா நம்ம தாத்தா கப்பலே ஏறியிருக்க மாட்டாரு” என்றேன். “அப்ப யாரு உங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது” என்றார். திரும்பும்போது அம்மாவுக்கு என்று ஒரு லாபு சாயோங் வாங்கினார். கறுப்பு மண் கூஜா, சுரைக்காய் வடிவம், தண்ணீர் அதில் குளுகுளுவென்று இருக்கும். அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “தண்ணியே குடிக்கக் கூடாதுன்றவளுக்குக் கூஜா வாங்கிட்டு வந்திருக்கான் பாரு, கூறு கெட்டவன்.” அது சாமி மேடைக்குப் பக்கத்தில் வெறும் பொருளாக நின்றது.

பினாங்கில் வேலை செய்யும் என் மகனிடம் சொன்னபோது, “ஓ, எக்ஸா? சரிம்மா” என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அவனுக்கு எல்லாமே ஒரு வரிதான்.

அவருடைய மகளுக்கு 17 வயது. ஐந்தாம் படிவம். அவள்தான் என்னோடு பேசவே இல்லை. வீட்டுக்குப் போனால் அறைக் கதவு சாத்திவிடும். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், அம்மா இடத்தில் இன்னொருத்தி என்றால் யாருக்குப் பொறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். விஷயம் அது இல்லை. ஒருநாள் அவளே வந்து எதிரே உட்கார்ந்து கேட்டாள்: “எங்கம்மாவுக்கு முன்னாடியே அப்பாவுக்கு உங்களைத்தான் பிடிக்கும்னு கோயில்ல சொல்றாங்க. அப்ப எங்கம்மா யாரு? நடுவுல வந்தவங்களா?”

ஊரார் எங்களை மன்னிப்பதற்காகக் கட்டிய கதை இந்தப் பெண்ணின் அம்மாவை ஒரு வரிக்கு நடுவே போடும் கோடாக ஆக்கியிருக்கிறது. எனக்கு அதுவரை உறைக்கவில்லை. ஐம்பது வயதில் இரண்டு பேர் புதிதாக ஒருவரையொருவர் விரும்பினால் நம் ஊரில் அதற்குக் கெட்ட பெயர். அதையே பழைய காதல் என்று சொல்லிவிட்டால் தெய்வம் சேர்த்து வைத்ததாகிவிடுகிறது. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அண்ணி பேசத் தொடங்கியபோது நான் மறுக்கவில்லையே.

அவளிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். “உங்கப்பாவை எனக்கு ரெண்டு வருஷமாத்தான் தெரியும். அதுவும் உங்கம்மாவைப் பத்தி அவர் சொல்லிக் கேட்டுத்தான் தெரியும்.” அரிசி டின்னைப் பற்றிச் சொன்னேன். கிராணி ஐயாவைப் பற்றிச் சொன்னேன். நாலு வரிக் கடிதத்தையும் சொன்னேன். அதை அவள் அப்பாவிடம்கூட நான் அதுவரை முழுதாகச் சொன்னதில்லை. “பயந்துட்டீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், ஆனால் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. “ஆன்டி, 1948 ஜூன் 16 நம்ம ஊர்லதானே?” எஸ்.பி.எம்முக்குச் சரித்திரம் கட்டாயம் தேற வேண்டும். எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டது, அவசரகாலம் தொடங்கியது, எல்லாம் பாடத்தில் வருகிறது. நான் குரல்பதிவு போட்டேன். பாட்டி சொல்லக் கேட்டதெல்லாம்: லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டது, மரம் வெட்டப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம்கூட எடுத்துப் போகக் கூடாது என்று கேட்டில் சோதனை போட்டது, பசியோடு போய்ப் பசியோடு திரும்பியது. அழுத்தி முடித்துப் பார்த்தால் 12 நிமிடம். இவ்வளவு நீளத்தை யார் கேட்பார்கள் என்று வெட்கமாகிவிட்டது. மறுநாள் பதில் வந்தது: “இதுல பரீட்சைக்கு எது வரும்?”

பதிவுத் திருமணத்துக்குப் பாரம் வாங்கி வைத்திருக்கிறோம். அவளுடைய தேர்வு முடிந்த பிறகுதான் கொடுப்போம். அவள் கேட்கவில்லை, நாங்களாக முடிவு செய்தது. அவர் மனைவியின் இறப்புச் சான்றிதழ் வேண்டும், என் விவாகரத்துத் தீர்ப்பு வேண்டும். விண்ணப்பித்தால் 21 நாள் எங்கள் பெயரை அலுவலகத்தில் ஒட்டி வைப்பார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று. “அதை யாரு போய்ப் படிக்கப் போறா?” என்று சிரித்தார் அவர். நான் அவரிடம் கிராணி ஐயா கதையை முழுதாகச் சொன்னது அப்போதுதான். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தவர், “ரெண்டு பக்கத்தையுமா படிச்சாரு?” என்று மட்டும் கேட்டார். காது சிவந்திருந்தது.

போன புதன்கிழமை அம்மாவின் எடை இரண்டேமுக்கால் கிலோ கூடியிருந்தது. தாதி தராசைத் திரும்பப் பார்த்தார். “பாட்டி, தண்ணி எவ்ளோ குடிச்சீங்க?” அம்மா வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை கேட்டதும், சக்கர நாற்காலியிலிருந்து கையை நீட்டி, கதவோரம் நின்றிருந்தவரைக் காட்டினார்.

“அவன்தான் கூஜா வாங்கிக் குடுத்தான். தண்ணி அவ்ளோ குளிர்ச்சியா இருந்தா நான் என்ன பண்றது? அவனையே கேளு.”